ஐம்பத்து மூன்றாம் எண் கிளிப்

எங்கள் படகு கிளப்பில் ஒரு பலகை உண்டு. சாதாரண ஒட்டுப்பலகைதான். அதன் விளிம்பில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகள் வரிசையாகக் கவ்விக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் ஒரு எண். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு வந்ததும் செயலாளர் முதல் வேலையாக அந்தப் பலகையைப் புங்கமரத்தில் மாட்டுவார். அதற்குப் பிறகுதான் காபி பிளாஸ்கைத் திறப்பார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் ஓடும் மாதிரிப் படகு என்றால் கரையில் நிற்பவன் கையில் ஒரு பெட்டி, படகுக்குள் ஒரு பெட்டி. கையில் இருப்பது சொல்வதைப் படகில் இருப்பது கேட்கும். இப்போது வாங்குகிற செட்டுகள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை, பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓட்டலாம். பழைய செட்டுகள் அப்படி இல்லை. அவற்றில் விரல்நகம் அளவுக்கு ஒரு கிரிஸ்டலைச் செருக வேண்டும். அந்தக் கிரிஸ்டலுக்கு ஓர் எண் உண்டு. ஒரே எண் உள்ள இருவர் ஒரே சமயத்தில் ஸ்விட்சைப் போட்டால் தண்ணீரில் இருக்கும் படகுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதற்காகத்தான் கிளிப். உங்கள் எண்ணுள்ள கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்து ஏரியலில் மாட்டிக்கொண்ட பிறகே ஸ்விட்சில் கைவைக்க வேண்டும். கிளிப் பலகையில் இல்லையென்றால் வேறு யாரோ ஓட்டுகிறார்கள், நீங்கள் காத்திருக்க வேண்டும். எங்கள் கிளப்பில் எழுதி வைத்த விதிகள் நிறைய. அவற்றில் பாதியை எழுதியவர்களே மதிப்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறமாட்டார்கள்.

நான் மீறினேன். மீறியதோடு நிற்கவும் இல்லை.

எனக்கு ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை. ஹனூர் பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து மைசூருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. கிளப்பில் ஒயரிங் சம்பந்தமாக எது என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

டைல்ஸ்காரர் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது குளியலறை வழியாக. மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய டைல்களைப் பெயர்த்துப் புதிது ஒட்ட வந்தார். எங்கள் பக்கத்து மார்டள்ளிக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், நாற்பது வயதிருக்கும். மனைவியும் மகளும் ஊரில், இவர் மைசூர் மேட்டகள்ளியில் ஒற்றை அறையில். பால்கனியில் ஒரு டப்பில் என் ரோந்துப் படகை மிதக்க விட்டிருந்தேன். கை கழுவ வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏனுங்க, இது எடது பக்கமா நூலளவு சாயுதுங்களே."

"அதெல்லாம் சாயலை" என்றேன். அவர் போனபிறகு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது.

அடுத்த மாதம் நான்தான் அவரைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். எங்கள் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மற்றவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கல்லூரி விரிவுரையாளர், இன்னும் ஏழெட்டுப் பேர் அந்த மாதிரி. "நம்ம ஊரு ஹுடுகா, கை ரொம்பச் சுத்தம்" என்று கன்னடத்தில் அறிமுகப்படுத்தினேன். நாற்பது வயது ஆளை நம் ஊர்ப் பையன் என்று சொன்னது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். கிளப்பில் நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சார். அவரிடம் மட்டும் எல்லோரும் ஒருமையில் 'நீனு' போட்டுப் பேசினார்கள். அவர் எல்லோருக்கும் மரியாதையாக 'நீவு' போட்டுப் பதில் சொன்னார்.

கிளப் அறையின் பரணில் ஒரு இழுவைப் படகு கிடந்தது. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கட்டி இழுக்குமே, அந்தக் குட்டைப் படகின் மாதிரி. இரண்டடி நீளம். அதைச் செய்த பழைய உறுப்பினர் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விட்டார். கரையான் பாதி, ஈரம் பாதி என்று தின்றிருந்தது. நாங்கள் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது இறக்கிப் பார்த்து, தும்மிவிட்டு, திரும்ப ஏற்றி வைத்தவர்கள். டைல்ஸ்காரர் அதைக் கேட்டார். தாராளமாக அவர் தலையில் கட்டினோம்.

பத்து மாதம் எடுத்துக்கொண்டார். உளுத்த பலகையை எல்லாம் அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். மேல்தளத்துக்கு மெல்லிய மரச் சட்டங்களை வரிசையாக ஒட்ட வேண்டும். நானெல்லாம் கண் மதிப்பில் ஒட்டிவிட்டு உப்புத்தாளால் சமாளிக்கிற ஜாதி. அவர் டைல்களுக்கு நடுவே வைப்பார்களே, கூட்டல் குறி மாதிரி பிளாஸ்டிக் துண்டு, அதில் ஆக மெல்லியதை வாங்கிச் சட்டங்களுக்கு நடுவே வைத்து ஒட்டினார். காய்ந்தபிறகு அவற்றை எடுத்துவிட்டு இடைவெளியில் கறுப்பு மெழுகை இழுத்தார். ஒரு கோடுகூட மற்றதைவிடத் தடிமனாக இல்லை. கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் சால்டரிங் மட்டும் அவருக்குப் புதிது. அதை என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் தெருமுனையில் மொபைல் ரிப்பேர் செய்பவரிடம் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், அதில் எனக்குக் கோபம் இருந்தது. செயலாளர் அந்தப் படகைக் கையில் ஏந்தி, "நம்மில் யாராலும் இப்படிச் செய்ய முடியாது" என்று எல்லோர் முன்னும் சொன்னபோது, நானும் கைதட்டினேன். கை மட்டும்தான் தட்டியது, மனசு தட்டவில்லை.

பழைய படகைப் புதுப்பித்தால் அதனோடு வந்த பழைய ரேடியோவையே வைக்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பின் பிடிவாதம். அந்த ரேடியோவின் எண் ஐம்பத்து மூன்று. என் பழைய செட் ஒன்றும் ஐம்பத்து மூன்று. ஆக, எங்கள் இருவருக்கும் ஒரே கிளிப்.

ஆண்டு விழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்றுதான் எல்லோரும் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், படகுகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவோம். டைல்ஸ்காரர் அதற்காக மனைவியையும் மகளையும் ஊரிலிருந்து வரச்சொல்லியிருந்தார். "என்னமோ ஞாயித்துக்கிழமையானா காணாமப் போயிடறேன்னு ஊட்டுல ஒரே சண்டைங்க. ஒருக்கா வந்து பாத்துட்டாச் சரியாப் போகும்" என்று சிரித்தார்.

அந்த ஞாயிறு நான் என் புதிய செட் படகைத்தான் ஓட்ட வந்திருந்தேன். அந்த ஐம்பத்து மூன்றாம் எண் செட்டோடு பழைய படகு ஒன்று காரின் டிக்கியில் சும்மா கிடந்தது. அதில் சுக்கானைத் திருப்புகிற சின்ன மோட்டாரை முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன். திரும்புகிறதா என்று பார்க்க ஒரு ஆசை. டிக்கியைத் திறந்தேன். பலகை முப்பது முப்பத்தைந்து எட்டு நடக்கிற தூரத்தில் இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டு நொடிக்கு எதற்கு என்று ஸ்விட்சைப் போட்டேன்.

சுக்கான் திரும்பியது. நன்றாக வேலை செய்கிறதே என்று இன்னொரு முறை திருப்பினேன். அப்போதுதான் கரையில் "ஏய் ஏய் ஏய்" என்ற சத்தம். தலையைத் தூக்கினேன். இழுவைப் படகு முழு வேகத்தில் கரைக்கல்லை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. டைல்ஸ்காரர் கையிலிருந்த பெட்டியின் குச்சியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி கல்லோரமாக ஓடினார். நான் என் கையைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். அணைப்பதற்கும் படகு கல்லில் மோதுவதற்கும் இடையில் நேரம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படகு மூக்கு பிளந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. அவர் பேண்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாராத்ரூ ஆன் மாடித்ரா?" என்று செயலாளர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். யாராவது ஸ்விட்சைப் போட்டீர்களா என்று. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்றாம் எண் கிளிப் டைல்ஸ்காரரின் ஏரியலில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அப்படியானால் வேறு யாரும் போட்டிருக்க முடியாது. அந்த விதியை எல்லோரும் அவ்வளவு நம்பினார்கள். டிக்கியைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்திருந்த நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

இத்தோடு நின்றிருந்தால்கூட நான் ஒரு கோழை, அவ்வளவுதான். "சார், நீங்கள் ஒயரிங்கைப் பாருங்கள்" என்றார் செயலாளர். டைல்ஸ்காரர் திருகாணிகளைக் கழற்றி மேல்தளத்து மூடியைத் திறந்து கொடுத்தார். உள்ளே தண்ணீர் தளும்பியது. எல்லோரும் குனிந்து நின்றார்கள். படகுக்குள் இருக்கும் பெட்டிக்கு, அதாவது ரிசீவருக்குப் போகிற சிவப்புக் கம்பியைப் பிடித்தேன். உறுதியாகத்தான் இருந்தது. லேசாகச் சுண்டினேன், வரவில்லை. கட்டைவிரலை முட்டுக் கொடுத்து இழுத்தேன். வந்துவிட்டது.

"ஜாயின்ட் லூசாக இருந்திருக்கிறது" என்றேன்.

யாரும் திட்டவில்லை. பல் டாக்டர், "புதுசுதானே, இப்படித்தான் ஆகும்" என்றார். டைல்ஸ்காரர் அந்தக் கம்பி நுனியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "மூணு தடவ இழுத்துப் பாத்தனுங்களே" என்று தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். கட்டுப்பாடு இழந்த படகு மற்றவர்களின் படகில் மோதினால் என்ன ஆவது? ஆகவே இழுவைப் படகு ஆண்டு விழாவில் ஓட வேண்டாம், மேஜைமேல் வைக்கலாம். அதற்குப் பிறகு ஓட்டுவதானால் ஒவ்வொரு ஞாயிறும் மூடியைத் திறந்து காட்டி, தெரிந்த ஒருவர் சோதித்து, ஒரு கார்டில் கையெழுத்திட்ட பிறகு ஓட்டலாம். தெரிந்த ஒருவர் யார்? எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவரோடு தமிழில் பேசக்கூடியவன் வேறு. ஒத்துக்கொண்டேன்.

ஆண்டு விழாவன்று அவர் மனைவியும் மகளும் வந்தார்கள். மூக்கை ஒட்டி, பூசி, பெயிண்ட் அடித்து, மோதிய சுவடே தெரியாமல் செய்திருந்தார். வெள்ளைத்துணி விரித்த மேஜையில் படகு இருந்தது. ஏரியில் மற்றவர்களின் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் மேஜையையும் தண்ணீரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, இது தண்ணியில போவாதுங்களா?"

நான் சொல்வதற்குள் டைல்ஸ்காரர் பதில் சொன்னார். "கொஞ்சம் வேல பாக்கி இருக்குது. அடுத்த வருசம் போவும்." மகள் மேல்தளத்தைத் தொடப்போனாள். "தொடாத கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் மூன்று தட்டில் போண்டா வாங்கிவந்து கொடுத்தேன், சட்னி போதுமா என்று இரண்டு முறை கேட்டேன். அந்த உபசாரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஞாயிறுதோறும் அந்தச் சோதனை நடந்தது. நான் வருவதற்குள் அவர் நான்கு திருகாணிகளையும் கழற்றி, மூடியைத் திறந்து வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நான் டார்ச் அடித்து உள்ளே பார்ப்பேன். ஒவ்வொரு ஜாயின்ட்டும் வெள்ளிப் பொட்டு வைத்த மாதிரி மினுங்கும். என் படகை யாராவது திறந்து பார்த்தால் எனக்குத்தான் மானம் போகும். "சரியா இருக்கு" என்பேன். "நல்லாப் பாருங்கண்ணா" என்பார். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். மறுபடியும் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். சில வாரத்துக்கு என்று ஆரம்பித்த கார்டு. முன்பக்கம் நிறைந்து பின்பக்கம் வந்துவிட்டது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் சும்மா இருந்தேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிறு நான் டார்ச்சை அணைத்தபோது அவர் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணா, சொன்னாச் சிரிக்கக் கூடாதுங்க. இப்பெல்லாம் சைட்டுல டைலு ஒட்டுனா ஒருக்காத் தட்டிப் பாத்துட்டு, மறுக்காவும் தட்டிப் பாக்கறனுங்க. அடியில காத்து நின்னுருந்தாச் சத்தத்துலயே தெரிஞ்சுரும். இருவது வருசமா ஒருக்காத் தட்டுனாப் போதும்ங்க எனக்கு. இப்ப நம்பிக்க வரமாட்டேங்குது. ஒட்டுனதப் பேத்துட்டு மறுபடி ஒட்டறேன். மேஸ்திரி கேக்கறாரு, என்னப்பா ஆச்சு உனக்குன்னு."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"அந்தக் கம்பி கழண்டு வந்துச்சுங்களே, அப்பருந்து."

அன்று எப்படி வீட்டுக்குக் கார் ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்தபடியே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்விட்ச், தலையாட்டியது, கம்பி, எல்லாம். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகுது?"

"பழைய விஷயம். இப்ப போய்ச் சொன்னா சங்கடம்."

"யாருக்கு?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை என்றே சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு கரைக்குப் போனதும் செயலாளர் பலகையை மாட்டும்வரை காத்திருந்தேன். எல்லோரும் காபிக்காகக் கூடி நின்றார்கள். டைல்ஸ்காரர் பத்தடி தள்ளி, வழக்கம்போலப் படகின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கன்னடத்தில் சொன்னேன். கிளிப் எடுக்காமல் ஸ்விட்சைப் போட்டது நான். கேட்டபோது இல்லை என்றது நான். கம்பி கழன்று இருக்கவில்லை, நான் இழுத்தேன். அவர் வேலையில் ஒரு குறையும் இல்லை.

கிளப்பை விட்டு விலக்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். ராஜினாமா கடிதம்கூடச் சட்டைப் பையில் இருந்தது. செயலாளர் என் தோளில் கைவைத்தார்.

"இர்லி பிடி சார். ஆகுத்தே" என்றார். இருக்கட்டும் விடுங்கள், ஆவதுதான்.

விரிவுரையாளர் உடனே, தானும் ஒருமுறை கிளிப் இல்லாமல் ஸ்விட்சைப் போட்டு நல்லவேளையாகத் தப்பித்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். "எவ்வளவு பெரிய மனசு இருந்தால் இதைச் சொல்லுவீர்கள்" என்றார் பல் டாக்டர். என் கையில் ஒரு காபி டம்ளரைத் திணித்தார்கள். டம்ளரில் ஆவி அடங்குவதற்குள் பேச்சு பேட்டரி விலைக்குப் போய்விட்டது.

டம்ளரை வைத்துவிட்டு அவரிடம் போனேன். திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கன்னடம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஒரு சொல்கூட விட்டுப்போயிருக்காது.

"அப்ப என் கையில தப்பு இல்லீங்களா?"

"இல்ல. ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சுருங்க."

முதல்முறையாக அவருக்கு 'ங்க' போட்டுப் பேசினேன். அவர் தலையை ஆட்டினார். அது எதற்கான ஆட்டல் என்று புரியவில்லை.

"எனக்கு ஆறு மாசம் ஆச்சுங்கண்ணா" என்றார். "உங்களுக்கு ஒரு காப்பிதானுங்க ஆச்சு."

பிறகு ஏதாவது செய்தாக வேண்டும் என்று செயலாளரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன், இனிமேல் இவர் படகுக்குச் சோதனை வேண்டாம், கார்டைக் கிழித்துவிடலாம் என்று. அவர் பேட்டரிப் பேச்சிலிருந்து திரும்பிப் பார்த்தார். தீர்மானம் புத்தகத்தில் ஏறியிருக்கிறதே சார், அடுத்த கூட்டத்தில் வைத்து எடுத்துவிடலாம், அதுவரை நடப்பது நடக்கட்டும் என்றார். ரொம்ப நல்ல மனிதர், நிஜமாகவே எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார்.

"அதெப்படி?" என்று நான் குரலை உயர்த்தப் போனேன். டைல்ஸ்காரர் என் கையைத் தொட்டார்.

"விடுங்கண்ணா. வெயிலு ஏறிட்டா ஓட்ட முடியாது." சட்டைப் பையிலிருந்து கார்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "போட்டுக் குடுத்துருங்க."

படகுக்குள் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"தேதி போடலீங்க" என்றார்.

மறுபடி வாங்கித் தேதியும் போட்டுக் கொடுத்தேன்.